வீட்டுக் கணினிக்கு ஏற்ற இயங்குதளம் எது?

வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

எழுதுகருவி மாறுந்தோறும் எழுத்தின் நிலையும் மாறிவந்துள்ளமையைத் தமிழாசிரியர்கள் நன்கு அறிவார்கள். ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவது அரிதாயிருந்தது. அச்சு வந்தபின் புள்ளி நிலைபெற்றது. 1978-ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தபோது, அச்சுக்கும் தட்டச்சுக்கும் உண்டாகும் வசதியும் அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. இன்று எழுதுகருவியாகி நிற்பது கணினி. அக்கணினியை ஆள்வது இயங்குதளம் எனப்படும் மென்பொருள்.

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதற்கடுத்த விண்டோஸ் 11, பாதுகாப்புச் சில்லு ஒன்றையும் ஓரளவு புதிய செயலியையும் வேண்டி நிற்பதால், நல்ல நிலையில் இயங்கும் பழைய கணினிகள் பலவற்றில் முறைப்படி ஏறுவதில்லை. கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் கணினி வைத்திருப்போர்க்கும் இவ்வினா வந்துள்ளது. பழைய கணினியை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குவதா? அல்லது விலையின்றிக் கிடைக்கும் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை அதில் நிறுவுவதா? நிறுவுவதாயின், முதன்முதலாகக் கணினியைத் தொடும் பிள்ளைக்கும் பெற்றோர்க்கும் ஏற்றது எது?

"எது எளிது?" என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எளிமை என்பது எவ்வாறு உண்டாயிற்று என்று வரலாற்றை நோக்கினால் விடை தெளிவாகும். எளிமை இயந்திரத்தோடு கூடப் பிறந்ததன்று. ஒருவர் பின் ஒருவராகப் பலர் உழைத்து உண்டாக்கியது. தமிழ் வீட்டுக்குரிய எளிமையும் அவ்வாறு உண்டானதே.

இயங்குதளமும் அதன் மூலநிரலும்

தோட்டத்துப் பெரட்டுக் களத்தைக் கண்டவர்களுக்கு இயங்குதளத்தை விளக்குவது கடினமன்று. விடியற்காலையில் மண்டோர் பெயர் கூப்பிட்டு, இன்னார்க்கு இன்ன நிரை, இன்னார்க்கு இன்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பார். கருவிகளும் ஆட்களும் இருந்தும் அப்பிரிவினை இல்லையேல் தோட்டத்தில் வேலை நடவாது. கணினியில் செயலி, நினைவகம், திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி ஆகிய யாவும் இருந்தும், இவற்றுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது இயங்குதளமே.

இதன் மூலநிரல், அதாவது மனிதர் எழுதிய கட்டளைத் தொகுதி, சில நிறுவனங்களால் மறைத்து வைக்கப்படும். வேறு சிலர் அதனை யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தந்து வெளியிடுவர். பின்னதையே கட்டற்ற மென்பொருள் என்றும் திறமூல மென்பொருள் என்றும் வழங்குகிறோம். 1983-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதி வெளியிட்டார். 1992-இல் அது குனூவின் பொது உரிமத்தின் கீழ் வந்தது. இரண்டும் இணைந்து முழு இயங்குதளமாயின. இவற்றோடு வேண்டிய செயலிகளையும் சேர்த்துத் தொகுத்துத் தருவதை 'வழங்கல்' என்பர். டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்பன வழங்கல்களின் பெயர்கள்.

இவ்வுரிமையின் பயன் தமிழ் அச்சு வரலாற்றை எண்ணிப் பார்த்தால் விளங்கும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1713-ஆம் ஆண்டில் தமிழ் அச்சுப் பணியைத் தொடங்கியபோது, எழுத்துகள் செருமனியின் ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்டு வந்தன. அவை அளவிற் பெரியனவாயிருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்க்க முற்பட்டனர். வார்க்கும் வழியும் உரிமையும் கையில் இருந்தமையால் குறை நீங்கியது. அவை இல்லாதிருப்பின், ஹாலேக்கு மடல் எழுதிக் கப்பலுக்காகக் காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. மூலநிரல் திறந்திருப்பதும் இத்தகைய வார்ப்புரிமையே.

எழுத்து நேராக நின்ற வரலாறு

கணினித் தமிழின் தொடக்கக் காலத்தில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சிறப்பான இடமுண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டில் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் முரசு அஞ்சல் எனப் பெயர் பெற்ற அது, இந்நாட்டு அச்சகங்களிலும் பள்ளிகளிலும் தமிழ் எழுதும் வழக்கத்தைப் பரப்பியது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் மென்பொருளை உருவாக்கினார்; 1995-ஆம் ஆண்டில் இணையத்தில் தமிழ் எழுத்து ஏற உழைத்தார்; 1997-இல் அங்கே கூடிய தமிழ்நெட் மாநாட்டையும் முன்னின்று நடத்தினார். 2001-ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

அக்காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தமிழெழுத்துக்குத் தனக்குத் தோன்றிய எண்ணைக் கொடுத்து வந்தது. ஓரிடத்தில் எழுதியது மற்றோரிடத்தில் புரியாத உரோமன் குறிகளாய்த் தோன்றியது. இதனைத் தீர்க்கத் திஸ்கி, டாப், டாம் முதலிய குறியேற்றங்கள் வகுக்கப்பட்டன. எல்லா மொழிக்கும் பொதுவான ஒருங்குறியில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தபோதிலும், திரையில் அதனைச் சரியாகக் காட்டும் திறன் விண்டோஸ் உலகில் விண்டோஸ் 2000 முதலே அமைந்தது.

'கொ' என்னும் உயிர்மெய்யைத் தட்டச்சில் அடிக்கும்போது முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என மூன்று தட்டுகள் வேண்டும். இது கண் காணும் வரிசை. ஒருங்குறியிலோ முதலில் ககரமும் அடுத்து ஒகரக் குறியும் மட்டுமே சேமிக்கப்படும். இது செவி கேட்கும் வரிசை. மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்னும் இலக்கண மரபுக்கு ஒத்தது. ஆனால் திரையில் காட்டும்போது இயங்குதளம் அக்குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்த வேண்டும். இவ்வித்தை அறியாத இயங்குதளத்தில் கொம்பு பின்னால் போய் நின்றது. சில இடங்களில் புள்ளி வட்டம் ஒன்றும் கூடவே தோன்றியது. அரிச்சுவடி படிக்கும் பிள்ளை அத்தகைய திரையைக் கண்டால் எதனைக் கற்கும்?

தொடக்கக் கால லினக்ஸ் இந்நிலையில்தான் இருந்தது. 1990-களின் இறுதியிலும் 2000-களின் தொடக்கத்திலும், வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்த தமிழ் மாணவர்களும் பொறியாளர்களும் தமிழ் லினக்ஸ் என்னும் முயற்சியில் இணையவழி ஒன்றுகூடினர். லினக்ஸுக்குரிய திரைச்சூழல்களான கேடீஈ, குனோம் ஆகியவற்றின் சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினர். எழுத்துகளைக் கோத்துக் காட்டும் பாங்கோ, ஹார்ப்பஸ் போன்ற நிரலகங்கள் பிறமொழிப் பொறியாளர்களின் உழைப்பாலும் செம்மையுற்றன. 2004-ஆம் ஆண்டில் ரெட் ஹேட் நிறுவனம் லோகித் என்னும் இந்திய மொழி எழுத்துருத் தொகுதியைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. அதில் தமிழும் இருந்தது. டெபியன் வழங்கலை நிறுவத் தொடங்கும்போது தோன்றும் மொழிப் பட்டியலில் இன்று தமிழும் இடம்பெற்றுள்ளது. ஒரு நிறுவனம் இலாபம் கணக்கிட்டுத் தரும்வரை தமிழர் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இவை சான்று.

விசைப்பலகையிலும் இத்தகைய முன்னேற்றம் நிகழ்ந்தது. 1999-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 எழுத்து விசைகளாலேயே 247 எழுத்துகளையும் எழுதலாம். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என எழுத அகரம், மகரம், மகரம், ஆகாரம் என நான்கு தட்டுகள் போதும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தாலும் அவ்வாறே புள்ளி விழும். இனவெழுத்து விதியை அறிந்த மாணவன் இப்பலகையின் உள்ளியல்பை விரைவில் உணர்வான். இப்பலகையும், ஒலிமுறையில் உரோமன் விசைகளைக் கொண்டு எழுதும் பலகையும், பழைய தட்டச்சுப் பலகையும் லினக்ஸ் வழங்கல்களில் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளக் கிடைக்கின்றன.

தொடக்கநிலையாளர்க்கு வழி திறந்தமை

எழுத்து நேரானது முதற்படி. வீட்டார் தாமே நிறுவிக்கொள்ளும் எளிமை இரண்டாம் படி. 1990-களில் லினக்ஸை நிறுவுவது அறிஞர் வேலையாக இருந்தது. வட்டினைப் பகுதிகளாகப் பிரிப்பது முதல் திரைக்குரிய அளவுகளைக் குறிப்பது வரை யாவற்றையும் பயனர் அறிந்திருக்க வேண்டும். ஒரு பிழை நேர்ந்தால் பழைய கோப்புகள் அழிந்துபோகவும் கூடும்.

இவ்வச்சத்தை முதலில் போக்கியவர்களுள் ஒருவர் செருமானியரான கிளாஸ் நாப்பர். 2000-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நாப்பிக்ஸ், கணினியின் வட்டைத் தொடாமல் குறுந்தட்டிலிருந்தே முழுதும் இயங்கியது. விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் குறுந்தட்டை எடுத்துவிட்டால் பழைய நிலை. இன்று குறுந்தட்டுக்குப் பதில் விரலியிலிருந்து இவ்வாறு சோதித்துப் பார்க்கும் வசதி பெரும்பாலான வழங்கல்களில் உண்டு.

2004-ஆம் ஆண்டு அக்டோபரில் தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் நிறுவிய உபுண்டு வெளிவந்தது. கேட்பவர் எந்நாட்டவராயினும் குறுந்தட்டை அஞ்சலில் இலவசமாக அனுப்பும் ஏற்பாட்டை அத்திட்டம் 2011 வரை நடத்தியது. இணைய வேகம் குறைந்த ஊர்களுக்கு இஃது ஒரு பெருந்துணை. 2006-இல் பிரெஞ்சுக்காரரான கிளெமெண்ட் லெஃபெவ்ர் லினக்ஸ் மின்ட் வழங்கலைத் தொடங்கினார். கீழே ஒரு பட்டை, இடப்பக்கம் பட்டியல் என விண்டோஸ் பழகியவர்க்கு அந்நியமாகத் தோன்றாத திரையை அது பேணி வருகிறது.

அதே காலத்தில் மைக்ரோசாப்ட் வேறொரு வகை எளிமையை முன்வைத்தது. 2004-ஆம் ஆண்டில் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் புதுப் பயனர்களுக்கென விண்டோஸ் எக்ஸ்பி தொடக்கப் பதிப்பை அறிவித்தது. விலை குறைவு, ஆனால் ஒரே நேரத்தில் மூன்று செயலிகளுக்கு மேல் திறக்க இயலாது. தொடக்கநிலையாளர்க்குக் குறைவாகக் கொடுப்பதே எளிமை என்பது ஒரு கொள்கை. முழுவதையும் கொடுத்து, வழியைச் சீராக்கித் தருவது மற்றொரு கொள்கை. பிள்ளையின் அறிவு வளரவளரக் கருவியும் கூடவே வளர வேண்டும் என்று கருதும் ஆசிரியர் இவ்விரண்டில் எதனை ஏற்பார் என்பது சொல்லாமலே விளங்கும்.

அரசுகளும் ஆசிரியர்களும்

கட்டற்ற மென்பொருளை அரசுகளும் கையாண்டு பார்த்தன. மலேசிய அரசு 2004-ஆம் ஆண்டில் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. அது அரசு அலுவலகங்களை நோக்கியதே, வீடுகளை நோக்கியதன்று. தமிழகத்தில் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் அதன் பொறுப்பில் இருந்தபோது, 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சூசே லினக்ஸை விரிவாகக் கைக்கொண்டது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் வழங்கலை உருவாக்கியது. 2011-இல் தொடங்கிய தமிழக மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் இந்த பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது.

கேரளத்தின் அனுபவம் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. 2001-இல் அங்கே தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், அப்பத்தாண்டிலேயே பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அதற்கு முன்னும் பின்னும் ஆசிரியர்களுக்குப் பரவலாகப் பயிற்சி அளிக்கப்பட்டது. பாடநூலும் அவ்வியங்குதளத்தையே ஒட்டி அமைந்தது. ஆதலின் பள்ளியில் பிள்ளை கண்ட திரையும் பாடநூல் காட்டிய திரையும் ஒன்றாயிருந்தன. ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆசிரியர் இருந்தார். கருவியை வழங்கிவிட்டுக் கற்பிக்கும் ஆளை வழங்காவிடில், பயனர் தமக்குப் பழகிய வேறொன்றுக்கே திரும்பிவிடுவர். அருகில் ஒருவர் இருப்பது எளிமையின் மூன்றாம் படி.

வட சிலாங்கூரின் நிலை

இம்மூன்று படிகளையும் வட சிலாங்கூரில் பொருத்திப் பார்ப்போம். புதுமை இவ்வட்டாரத்திற்கு முன்னரே வந்தும் தொழிலாளர் வீட்டுக்குத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. ரவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் 1894-ஆம் ஆண்டிலேயே மின்னாக்கப் பொறியை நிறுவினர். மலாயாவில் மின்சாரத்தின் தொடக்கமாக அதனையே குறிப்பிடுவர். 1917-இல் பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஹென்றி ஃபோகொன்னியே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். ஆயினும் அதன்பின் பல்லாண்டுகள் கழிந்தும், பல தோட்டத்து லயன் வீடுகளில் விளக்கு எரிந்தது ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரமே.

பின்னர்ப் பல குடும்பங்கள் லயன்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகமும் அங்கே அமைந்துள்ளது. கணினி இக்குடும்பங்களுக்குப் பல வழிகளில் அறிமுகமாயிற்று. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்படத் தொடங்கியபோது, பள்ளிகளுக்கு மடிக்கணினியும் ஒளிபெருக்கியும் வந்தன. 2010-களின் தொடக்கத்தில் குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்க்கு 1மலேசியா நெட்புக் வழங்கப்பட்டது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி வகுப்பறை வீட்டுக்குள் வந்தபோது, பழைய கணினி, பிறர் கொடுத்த கணினி, கைப்பேசி என அகப்பட்டதைக் கொண்டு பிள்ளைகள் படித்தனர். அக்கைப்பேசிகளுள் பெரும்பாலானவற்றில் உள்ள ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கருநிரலின் மேல் எழுந்ததே. ஆதலின் லினக்ஸ் இவ்வீடுகளுக்கு முற்றிலும் புதியதன்று.

எதனைத் தேர்வது?

முதலில் கணினியின் நினைவகத்தைப் பார்க்க வேண்டும். 4 கிகாபைட் அல்லது அதற்கு மேலும் இருப்பின், விண்டோஸ் பழகிய வீட்டுக்கு லினக்ஸ் மின்ட் பொருத்தமானது. 2024-இல் வெளிவந்த அதன் 22-ஆம் பதிப்பு குறைந்தது 2 கிகாபைட் நினைவகத்தையும் 20 கிகாபைட் வட்டு இடத்தையும் கேட்கிறது; 4 கிகாபைட் இருந்தால் நன்று என்கிறது; 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்களையும் பெறும். 8 கிகாபைட் உள்ள ஓரளவு புதிய கணினியாயின் உபுண்டுவும் ஏற்றதே. அதன் திரையமைப்பு விண்டோஸிலிருந்து சற்று வேறுபட்டது. எனினும் உலகெங்கும் அதனைப் பயன்படுத்துவோர் மிகுதியாதலால், எழும் ஐயங்களுக்கு விடை எளிதிற் கிடைக்கும். 2 கிகாபைட் நினைவகமே உள்ள கணினிக்கு மின்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு அல்லது லுபுண்டு போன்ற இலகுவான வழங்கல் வேண்டும்.

பழைய நெட்புக் ஒன்றே வீட்டில் இருக்குமாயின் எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுதல் நன்று. 1 கிகாபைட் நினைவகத்தில் கட்டுரை எழுதலாம், கணக்குப் பழகலாம். இன்றைய இணையப் பக்கங்கள் பல அதற்குச் சுமையாகவே இருக்கும். 32 பிட் செயலியாயின் தெரிவு மேலும் குறுகும். 2025-இல் வெளிவந்த டெபியன் 13 அவ்வகைக் கணினியில் புதிதாக நிறுவும் வழியைக் கைவிட்டுவிட்டது. சற்றே புதிய கணினியாயின், சுழலும் பழைய வட்டை மாற்றித் திடநிலை வட்டைப் பொருத்தினால் வேகம் வெகுவாகக் கூடும். புதுக் கணினி வாங்கும் செலவில் அது சிறு பகுதியே.

நிறுவுவதற்கு முன் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும். கோப்புகளையும் படங்களையும் வெளி வட்டில் படியெடுத்து வைத்தல் முதலாவது. வழங்கலை விரலியில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்த்தல் இரண்டாவது. அப்போது கம்பியில்லா இணையம், ஒலி, படக்கருவி, அச்சுப்பொறி ஆகியன வேலை செய்கின்றனவா என நோக்குதல் மூன்றாவது. தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, 'கொ', 'ஸ்ரீ', 'க்ஷ' ஆகியவற்றை எழுதிப் பார்ப்பது ஆசிரியர்க்கு இயல்பான சோதனை. எல்லாம் சரியாயிருப்பின் நிறுவலாம். வட்டில் இடமிருந்தால், இருக்கும் இயங்குதளத்தை அழிக்காமல் இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ளவும் வழியுண்டு.

தடைகளையும் மறைக்கலாகாது

பள்ளியிலும் அலுவலகத்திலும் விண்டோஸே புழங்கும்போது பிள்ளைக்கு வேறொன்றைப் பழக்குவது தகுமா என்று பெற்றோர் கேட்பர். கேள்வி நியாயமானது. கல்வி அமைச்சு 2020-இல் தொடங்கிய டெலிமா தளம் போன்றவை இணைய உலாவியிலேயே திறப்பன. அவற்றுக்கு இயங்குதளம் தடையன்று. எழுத்துப்பணிக்கும் கணக்கேட்டுக்கும் லிப்ரெ ஆபிஸ் உண்டு. மைக்ரோசாப்ட் வேர்ட் கோப்புகளையும் அது திறக்கும். ஆயினும் கட்டமும் படமும் நிறைந்த வினாத்தாள்கள் சில அதில் இடம் பெயர்ந்து தோன்றுவதுண்டு. விண்டோஸில் மட்டுமே இயங்கும் செயலி ஒன்றைப் பிழைப்புக்காகவோ படிப்புக்காகவோ கட்டாயம் பயன்படுத்தும் வீட்டார், விண்டோஸையும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

தமிழாசிரியர்க்கு இன்னொரு தடையும் உண்டு. ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்த பழைய பாடக்குறிப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் உரோமன் குறிகளாகச் சிதறித் தோன்றும். இது லினக்ஸின் குறையன்று. புதிய விண்டோஸிலும் அவ்வாறே நேரும். மாற்றி மென்பொருள் கொண்டு அவற்றை ஒருங்குறிக்குக் கொணர்வது எந்த இயங்குதளத்தைத் தேர்ந்தாலும் செய்தே தீரவேண்டிய பணி. தள்ளிப்போடுந்தோறும் பல்லாண்டு உழைப்பு படிக்க இயலாததாகிக்கொண்டே போகும்.

மூன்றாவது தடை மொழிபெயர்ப்பின் அரைகுறை நிலை. திரையைத் தமிழுக்கு மாற்றினால் சில பட்டியல்கள் தமிழிலும் சில ஆங்கிலத்திலும் நிற்பதைக் காணலாம். மென்பொருள் ஆண்டுதோறும் புதுச்சொற்களோடு வளர்கிறது. தன்னார்வலர் குறைந்தால் தமிழாக்கம் பின்தங்குகிறது. சில சொல்லாக்கங்கள் கரடுமுரடாகவும் உள்ளன. இதனைக் கண்டு "தமிழ் கணினிக்கு ஒவ்வாது" என்று முடிவு கட்டுவோர் உண்டு. குறை மொழியில் இல்லை. ஆள் பற்றாமையில் இருக்கிறது.

ஆசிரியர் கையில் உள்ள பொறுப்பு

கோலசிலாங்கூர் வட்டாரத்து வீட்டுக்கு ஏற்ற இயங்குதளம் எது என்னும் வினாவுக்கு, பெரும்பாலோர்க்கு லினக்ஸ் மின்ட் என விடை கூறலாம். அதனைத் தேர்வதற்குரிய அளவுகோல் மூன்று: தமிழ் எழுத்து பிழையின்றி நிற்க வேண்டும், கையிலுள்ள கணினியில் தளர்வின்றி ஓட வேண்டும், ஐயம் எழும்போது கேட்க அருகில் ஒருவர் இருக்க வேண்டும். முதலிரண்டையும் உலகத் தன்னார்வலர் செய்து வைத்துள்ளனர். மூன்றாவதை வேறெவரும் வந்து செய்துதர இயலாது. ஒரு தமிழ்ப்பள்ளிக்கு ஓர் ஆசிரியர் இதனைக் கற்றுத் தேர்ந்தால், அப்பள்ளியைச் சார்ந்த வீடுகளுக்கெல்லாம் அவரே துணையாவார். கற்க விரும்புவோர்க்குத் தமிழகத்திலிருந்து 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளைத் தமிழிலேயே தந்துள்ளது.

சொல்லாக்கத்திலும் தமிழாசிரியரின் பங்கு இன்றியமையாதது. ஒரு பட்டியலில் நிற்கும் சொல் பிழையானால், கட்டற்ற மென்பொருளில் அதனைத் திருத்தி அனுப்பும் உரிமை எவருக்கும் உண்டு. மொழிபெயர்ப்புக் குழுவினர் அதனைச் சீர்தூக்கி ஏற்றால், அச்சொல் அடுத்த பதிப்பில் உலகெங்குமுள்ள தமிழ்த்திரைகளில் தோன்றும். மாணவரின் கட்டுரையேட்டைத் திருத்தும் சிவப்பு மைக்கு இத்துணை நீண்ட எட்டு முன்பு இருந்ததில்லை. இலக்கணமும் சொல்வளமும் அறிந்தோர் இவ்வேலையை நிரல் எழுதுவோர்க்கே விட்டுவிட்டால், பிறகு சொல் நன்றாயில்லை என்று குறை கூறுவதில் பொருளில்லை.

2025 அக்டோபருக்குப் பிறகு ஒதுக்கப்படும் கணினி ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் எழுதுகருவியாகக் கூடியது. அதனைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புமுன், ஒரு விரலியையும் ஒரு பிற்பகலையும் செலவிட்டுச் சோதித்துப் பார்ப்பது அறிவுடைமை. பள்ளி விடுமுறை அதற்கு ஏற்ற காலம்.